ஆகு

"என்னய்யா சொல்றான்?" என்று கேட்டார் ஏட்டு.

"தண்ணி கேக்கறானுங்க," என்றான் மாதையன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓபுலேசு மல்லாந்து கிடந்தான். இடது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. முந்தாநாள் கிணற்றுக்குள் கல் விழுந்தபோது அவன் அண்ணன் கொண்டய்யா அங்கேயே செத்துப்போனான். தம்பிக்குக் காலோடு போயிற்று. கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் பிணத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மாதையன் தம்ளரை அவன் வாயில் சாய்த்துப் பிடித்தான்.

ஏட்டு வாக்குமூலம் எழுத வந்திருந்தார். ஓபுலேசுக்குத் தமிழ் தெரியாது. நாமகிரிப்பேட்டையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் கிணற்றுக்குச் சொந்தக்காரரான தங்கசாமி அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. மாதையனைத்தான் புல்லட்டின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்.

"நம்ம தோட்டத்து ஆளுங்க. அவிய பேச்சு இவனுக்குத் தண்ணி பட்ட பாடு," என்று ஏட்டிடம் சொன்னார்.

அது பொய்யில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் மழை இல்லாமல் போய், கிணற்றை ஆழப்படுத்த அனந்தப்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்த நாளிலிருந்து மாதையன் வேலை முடிந்ததும் அவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். கயிற்றைக் காட்டுவான். 'தாடு' என்பான் கொண்டய்யா. கல்லைக் காட்டினால் 'ராயி'. இழுப்பதுபோலச் செய்து காட்டினால் 'லாகு'. மாதையன் திருப்பிச் சொல்வான். அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு திருத்தி, மறுபடியும் சொல்ல வைப்பார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மூன்றே மாதத்தில் ஒரு பாஷை வந்திருந்தது. அவன் பெண்டாட்டி செல்லியம்மாள்கூட அவனைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஓபுலேசு பேசத் தொடங்கினான். அந்த வலியிலும் மாதையனுக்குப் புரிய வேண்டுமே என்று மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னான்.

அண்ணன் இரும்புத் தொட்டியில் கல்லை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெரிய கல் சரியாக உட்காரவில்லை. பாதி வெளியே தொங்கியது. அண்ணன் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"ஆகு, ஆகு அன்னாடு," என்றான் ஓபுலேசு. ஆகு, ஆகு என்று சொன்னானாம்.

சொல்லும்போதே வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

வருகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல.

மாதையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வார்த்தை அன்றைக்கு அவன் காதில் தெளிவாக விழுந்திருந்தது. எழுபதடி ஆழத்திலிருந்து, இஞ்சின் சத்தத்தையும் தாண்டி, இரண்டு தடவை.

ஆகட்டும் என்கிறான் என்றுதான் நினைத்தான். ஆகட்டும், தூக்கு.

தொட்டியை மேலே ஏற்றும் இஞ்சினின் பிடி மாதையன் கையில் இருந்தது. ஒரே மூச்சில் தூக்கினான்.

நிறுத்து என்பதற்கு மட்டும் அவன் தெலுங்கு கற்றிருக்கவில்லை. தேவைப்பட்டதில்லை. கிணற்றின் விளிம்பில் எப்போதும் அவர்களில் ஒருவன் நிற்பான். கீழேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு மாதையனுக்குச் சைகை காட்டுவான்.

அன்று காலை விளிம்பில் ஆள் இல்லை.

"அவிய சொல்றது எனக்கே புரியுதுங்க. எதுக்குங்க அதுக்குன்னு தனியா ஒரு ஆளு?" என்று தங்கசாமியிடம் கேட்டவன் மாதையன்தான். அவரும் சந்தோஷமாக அந்த ஆளைக் கல் உடைக்க அனுப்பிவிட்டார்.

ஏட்டு பேனாவை உதறினார். தங்கசாமி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஓபுலேசு நிறுத்தவில்லை. இஞ்சின் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது, அது உன் தப்பில்லை என்றான். மேலே நின்ற ஆளை உன் முதலாளி அனுப்பியிருக்கக் கூடாது, அதை எழுதச் சொல் என்றான். ஊருக்குப் போனால் அண்ணியிடம் நான் என்ன சொல்வேன் என்றான்.

ஆளை அனுப்பியதைச் சொன்னால் தங்கசாமி அடுத்து வாயைத் திறந்து என்ன சொல்வார் என்று மாதையனுக்குத் தெரியும்.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கல்லு தானாச் சரிஞ்சு உழுந்துருச்சுன்னு சொல்றானுங்க. ஆரு மேலயும் குத்தமில்லீங்களாம்."

ஏட்டு எழுதினார். தங்கசாமி ஜன்னலிலிருந்து திரும்பினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் ஏட்டு பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தார்.

"செப்பினாவா?" என்று கேட்டான் ஓபுலேசு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று.

"செப்பினா," என்றான் மாதையன்.

பிசிறில்லாமல் வந்தது. அனந்தப்பூரில் பிறந்தவன் சொல்வதுபோலவே இருந்தது.

ஓபுலேசு இடது கைப் பெருவிரலை நீட்டினான். மாதையன் அதைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்துக்கு மேலே கொண்டுபோனான். விரலை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க முடியவில்லை.

ஓபுலேசு தன் மற்றக் கையை நீட்டி, மாதையனின் மணிக்கட்டைப் பிடித்து, ஆடாமல் வைத்துக்கொண்டான்.