ஊரே ஒரு புள்ளி

நகரத்துக் குளிரறையில் வாழும் சூப்பர் கம்ப்யூட்டர், ஒருநாள் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திரையில் பேச வந்தது. வந்ததும் வராததுமாக, "நாளை மழை. விளையாட்டு விழாவைத் தள்ளி வையுங்கள்" என்றது.

ஜன்னலில் இருந்த காகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. விழா நாளில்தான் அதற்கு வயிறு நிறையச் சுண்டல் கிடைக்கும்.

"ஏன்யா, ஏரிக்கு அந்தப் பக்கம் பெய்யுமா, இந்தப் பக்கம் பெய்யுமா?"

"எனக்கு உங்கள் ஊரே ஒரு புள்ளிதான்" என்று கம்ப்யூட்டர் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

காகம் பறந்துபோய்த் தெருவுக்கு ஒரு காகத்தை நிறுத்தியது. எங்கே காற்று, எங்கே புழுக்கம் என்று எல்லாரிடமும் விசாரித்து வந்து ஒப்பித்தது. ஒரு புள்ளி நாற்பது புள்ளியானது. கம்ப்யூட்டர் மறுபடி கணக்குப் போட்டது.

"விழா நடக்கட்டும். நாலு மணிக்குத்தான் மழை."

மறுநாள் கடைசி ஓட்டம் முடிந்த கையோடு மழை கொட்டியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்திலேயே குதித்தார்கள். காகம் தொப்பலாக நனைந்து ஜன்னலுக்கு வந்தது.

"நாலு மணி அஞ்சு நிமிஷம்! நீ பாஸ்!"

கம்ப்யூட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டது: "இத்தனை வருஷமாக மழையைக் கணக்குப் போடுகிறேன். மழை எப்படி இருக்கும்?"

காகம் திரைக்குப் பக்கத்தில் வந்து சிறகை ஓர் உதறு உதறியது. திரை முழுக்கப் புள்ளிகள்.