பெயர் மறைத்த மூன்று பேர்

"டவாரெஸா? முழங்கைல ரெண்டு தடவை கத்தி வச்சாச்சு. அவன் பந்து வீசி நீ ஜெயிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். தூக்குடா!" என்றான் மார்வின், பார் கவுன்டரில் உட்கார்ந்து கோழி இறக்கையைக் கடித்தபடி.

டுவேன் தன் பட்டியலில் டவாரெஸின் பெயரை அடித்தான். "புரூபேக்கர்?"

"முட்டி ரெண்டும் துருப்பிடிச்ச கதவு மாதிரி சத்தம் போடுது. டி.வி.யிலேயே கேக்குது."

புரூபேக்கரும் போனான்.

உள்ளூர் பேஸ்பால் அணி அந்த சீசனில் தொண்ணூற்றாறு ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதனால் அதன் ஆட்டக்காரர்களை மதிப்பிடுவது சுலபமான வேலையாக இருந்தது. டுவேனின் கஷ்டம் வேறு. கிடங்கில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஃபேன்டஸி லீக்கில், நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்பார்கள். களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப இங்கே புள்ளி ஏறும். நாட்டில் முப்பது அணிகள் இருக்க, டுவேன் மட்டும் வருடா வருடம் பாதிப் பேரை உள்ளூர் அணியிலிருந்தே எடுப்பான். இரண்டு வருடமாகக் கடைசி இடம். கடைசியில் வந்ததற்கான தண்டனையாகப் போன வருடம் கோழி வேஷம் போட்டு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றான். தொடர்ந்து இரண்டு தடவை கடைசி என்றால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும்.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே லீக்கிலும் சேர்ந்தவன் டுவேன். பதினோரு வருடம் ஆகிறது. விவாகரத்துக்குப் பிறகு அவனிடம் மிஞ்சியவை ஒரு நாய், ஒரு டிரக், இந்த லீக். நாய்க்கும் வயதாகிவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ரஸ்ஸல் வந்தான். கிடங்கில் அவன் ஷிப்ட் மேற்பார்வையாளன், லீக்கில் தலைவன். உயரமான ஸ்டூலில் உட்காராமல் கவுன்டரில் சாய்ந்து நின்றிருந்த டுவேனை ஒரு முறை பார்த்துவிட்டு, பீர் கூடச் சொல்லாமல் உட்கார்ந்தான்.

"என்ன தலைவரே, தீர்ப்பு எழுதிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான் டுவேன். குரலில் கிண்டல் இருந்தது.

"உனக்கு ஒரு வாய்ப்பு தரேன்" என்றான் ரஸ்ஸல். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். "பேரை மறைச்சுட்டு மூணு பேரோட கணக்கு மட்டும் தரேன். ஒருத்தனைத் தூக்கணும். சரியாச் சொல்லிட்டா நீ லீக்ல இரு."

இது அவர்களுக்குப் பழக்கமான சோதனைதான். பெயர் தெரிந்தால் மனசு குறுக்கே வரும். எண்கள் மட்டும் என்றால் வராது.

டுவேன் தாளை வாங்கினான். ஏ, பி, சி. வயது, அடிபட்டு வராத நாட்கள், போன வருடத்தைவிட ஏற்றமா இறக்கமா, சம்பளம். அவ்வளவுதான்.

"ஹோம் ரன் எங்க? பேட்டிங் சராசரி எங்க?"

"அதைப் போட்டா யாருன்னு கண்டுபிடிச்சுடுவே."

"மூணு பேரும் ஒரே டீமா?"

"ஒரே டீம்தான்."

"அப்ப நம்ம ஊர்ப் பசங்கதான். என்னைக் கவுக்கப் பாக்கறே!" டுவேன் சிரித்தான். "இந்தத் தடவை நடக்காது. ஏ, இருபத்தொன்பது வயசு, ஒரு நாள்கூட லீவு இல்ல. இருக்கட்டும். சி சுமார், ஆனா சம்பளம் கம்மி. இருக்கட்டும். பி... அடேங்கப்பா!"

"என்ன?" என்று எட்டிப் பார்த்தான் மார்வின்.

"முப்பத்தெட்டு வயசு. அடிபட்டு முப்பத்தொரு நாள் வரவே இல்ல. போன வருஷத்தைவிட பன்னெண்டு சதவீதம் இறக்கம். ஆனா மூணு பேர்ல இவனுக்குத்தான் அதிக சம்பளம்! இவனை டீம்ல வச்சிருக்காங்களா, மியூசியத்துல வச்சிருக்காங்களா?"

மார்வினுக்குப் புரையேறியது.

ரஸ்ஸல் சிரிக்கவில்லை. "அவசரப்படாதே. அவன் ரொம்ப வருஷமா ஒரே டீம்ல இருக்கான். ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது. இன்னொரு சீசன் குடுத்துப் பாக்கலாம்ல?"

"விசுவாசத்துக்குப் புள்ளி கிடையாதுன்னு போன வாரம் எனக்கு வகுப்பு எடுத்தது யாரு? நீதானே?"

"நான்தான்."

"அந்த டீமுக்கு மேனேஜர்னு ஒருத்தன் இருந்தா, இவனை இன்னும் வச்சிருக்கறதுக்கு முதல்ல அவனைத் தூக்கணும்."

ரஸ்ஸல் தன் விரல் நகங்களைப் பார்த்தான். "அதையும் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"விடு. நல்லா யோசிச்சுட்டியா, டுவேன்? கடைசியாக் கேக்கறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" டுவேன் பேனாவை எடுத்து, பி என்ற எழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டான். தாளே கிழிந்தது. "பி அவுட்!"

ரஸ்ஸல் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே. லீக்ல இரு."

மார்வின் கவுன்டரைத் தட்டினான். டுவேன் இரண்டு கைகளையும் தூக்கி ஊளையிட்டான். உடனே 'அம்மா' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஏப்ரலில் கிடங்கில் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கி, ஒரு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்ததிலிருந்து இப்படித்தான்.

"இப்பவாவது பேரைச் சொல்லுப்பா. யாரு அந்த பி?"

ரஸ்ஸல் எழுந்து, சுவரைப் பார்த்தபடி கோட்டை மாட்டிக்கொண்டான்.

"திங்கக்கிழமை வரும்போது உன் கிடங்கு லாக்கர் சாவியைத் திருப்பிக் குடுத்துடு, டுவேன்."