வெள்ளை மை இல்லாத மிஷின்

மாமல்லபுரத்தில் ஓவியங்களை அச்சு அசலாகப் பருத்திக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துத் தருபவள் பிரபா. அவளுக்கு முப்பது வயதானபோது கணவன் பார்த்திபன் அவளை ஒரு படம் வரைந்தான். அவன் இறந்த பிறகு, கல்யாண நாள்தோறும், அந்தப் படத்தை ஸ்கேன் செய்து வைத்த அதே ஃபைலிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வாள்.

மிஷினில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைச் சும்மா விட்டுவிடும். இரண்டாம் வருடப் பிரதியில், படத்துப் பெண்ணின் காதோரம் ஒரு முடியளவு சும்மா விட்டிருந்தது. பிறகு அந்த வெள்ளை வருடா வருடம் கூடியது. அசலிலும் திரையிலும் தலை கருகருவென்றுதான் இருந்தது.

சர்வீசுக்கு வந்த ஜெகதீசன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான். "மிஷின் சோக்கா கீதுக்கா. மத்த படமெல்லாம் கரெக்டாதானே வருது?"

பிரபா தன் காதோர நரையைத் தடவிக்கொண்டாள். "வுடு ஜெகா. அவருக்குப் பொய்யா வரையத் தெரியாது."

இந்த வருடப் பிரதியில் படத்துப் பெண் சிவப்பு ஃப்ரேம் போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள். ஆறு மாதமாகப் பிரபாவுக்குச் சின்ன எழுத்து மங்கல். யாரிடமும் சொன்னதில்லை.

செங்கல்பட்டில் கண்ணைச் சோதித்த கடைக்காரர், எந்த ஃப்ரேம் வேண்டுமென்று கேட்டார். சுருட்டிக் கொண்டுபோன பிரதியை விரித்துக் காட்டினாள். அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"இந்த மாடலு இன்னிக்குக் காலைலதாம்மா வந்துச்சு. இன்னும் வெளியவே வெக்கல. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"வூட்டுக்காரரு வரைஞ்சது," என்றாள் பிரபா. "எனக்கு எது எடுப்பா இருக்கும்னு அவருக்குத்தான் தெரியும்."