சிவப்புப் புள்ளி

"ஒனக்கு மனசாட்சி இரிக்கா நல்லம்மா? குப்பையக் கொண்டுபோய் மாணிக்கம் அண்ணன் வாசல்ல வெக்கிறியே!"

பாறூக் நானா போட்ட சத்தத்தில் சனசமூக நிலையமே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். என் வாசல்தான்.

தரையில் விரித்திருந்த வரைபடத்தில், உக்குவளையில் உள்ள எங்கள் தெரு முழுவதும் இருந்தது. ரயில் பாதை, கோயில், பள்ளிவாசல், ஓடை. வீடுகளெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். முப்பது வருடம் கழித்து இந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்களே திட்டம் போட வேண்டுமாம். அதைச் சொல்லித்தர சிவநந்தினி மிஸ் கண்டியிலிருந்து வந்திருந்தார்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மைதானம் வேண்டும், வாசிகசாலை வேண்டும், ஓடைக்குப் பாலம் வேண்டும் என்று போட்டி போட்டுக்கொண்டு பச்சைப் புள்ளி ஒட்டினோம். பாறூக் நானா தன் கடைக்கு இரண்டு மாடி எழுப்பிவிட்டார்.

"சரி, ஊர்க் குப்பையைச் சேர்த்துத் தரம் பிரிக்க ஒரு இடம் வேணுமே. அது எங்க?" என்று மிஸ் கேட்டார்.

பச்சைப் புள்ளி ஒட்டிய கைகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின.

"பேச வேணாம். ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. எங்க கூடுதலா விழுதோ அந்த இடத்தைத்தான் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுப்பேன்."

கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு நல்லம்மா வரும்போது, மற்றவர்கள் ஒட்டி முடித்துத் தேநீருக்குப் போயிருந்தார்கள். வரைபடத்தருகே நின்ற என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். சொல்லிவிட்டு நானும் அவசரமாகத் தேநீர்ப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், இந்தக் கூச்சல்.

"அண்ணனோட மிளகுக்கொடி மேல கண்ணு போல!"

"பொண்டாட்டி செத்த மனுசன், கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டா!"



நல்லம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் ஏசுகிறார்கள் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"அக்கா, ஏன் அந்த இடத்தில ஒட்டினீங்க?" என்றார் மிஸ்.

"எங்கயாவது ஒரு எடத்துல வரத்தானே வேணும் மிஸ். அடுத்தவங்க வாசல்ல வைக்க மனசு வரல. அதான் என் வீட்டு மேலயே ஒட்டிட்டேன்."



மிஸ் கையிலிருந்த வீட்டுப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஓடையோரக் கட்டம் ஒன்றைத் தொட்டார். "உங்க வீடு இதுதானேக்கா?"

அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பதினேழு சிவப்புப் புள்ளிகள். நல்லம்மாவைத் தவிர நாங்கள் பதினேழு பேர்.

நல்லம்மா குனிந்து பார்த்தாள். "இதா? அய்யோ பாவம், இது யாரு வீடோ. இப்படிச் சுத்திவர ஒட்டியிருக்காங்களே! என் வீடு மேல இருக்கு மிஸ். மாணிக்கம் அண்ணன்தான் வெரல் வச்சுக் காட்டுனாரு."

பாறூக் நானா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். எல்லோர் கண்ணும் என் மேல்.

உண்மைதான். "இதுல என் வீடு எது அண்ணே?" என்றுதான் கேட்டாள். நாங்கள் ஒட்டியது அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, ஓடைப் பக்கத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டேன். எது என்றுகூடப் பார்க்கவில்லை.

மிஸ் எழுந்து என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்களா காட்டினீங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

நல்லம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரைப் போய்க் கேக்குறீங்களே! அண்ணன் பொய் சொல்ற ஆளில்ல மிஸ். நீங்க வெளியூரு, உங்களுக்குத்தான் வீடு மாறிப்போச்சு."