தெளிந்த வளையம்

படம் வந்துவிட்டது.

அவள் கைபேசித் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். 

ஆய்வகக் கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி. அவள் கணவர் ஜெபராஜின் காலிலிருந்து எடுத்தது. ஆஸ்பத்திரியில் இருந்த எந்த மருந்துக்கும் அடங்காதது.

நடுவில், மண்ணிலிருந்து பிரித்து வளர்த்த நுண்ணுயிர். ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றித் துடைத்துவிட்டதுபோலத் தெளிந்த வளையம்.

அங்கே கிருமி இல்லை.

ஊட்டி ஆய்வகத்திலிருந்து வஹிதா எழுதியிருந்தாள்: "மேடம், எல்லாத் தட்டுலயும் இதேதான். சார்கிட்ட உடனே சொல்லுங்க."

அந்த மண் ஜெபராஜின் மலைச்சரிவு மண். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகை மரம் மூடிக் கிடந்த மலையில், மரங்களை அகற்றி, பழைய புல்லைக் கொத்துக் கொத்தாக நட்டு மீட்டவர் அவர். புல்லோடு மண்ணுக்குள் என்னென்ன திரும்பியிருக்கிறது என்று தேடுவது அவள் வேலை.

போன மாதம் வெட்டிய மரம் ஒன்று உருண்டு வந்து அவர் காலை நசுக்கியது.

காலை வெட்டி எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. "உன் தட்டு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

காய்ச்சல் இறங்கவே இல்லை. காலையில் டாக்டர் அவளை வெளியே அழைத்தார்.

"இன்னிக்கு எடுக்கலேன்னா ஆளே தங்க மாட்டாரும்மா."

தட்டில் விழுந்த வளையம் மருந்தாகி ஊசியில் ஏற எத்தனையோ வருடம் ஆகும். ஆகாமலே போவதும் உண்டு. அவரிடம் பலமுறை சொல்லிவிட்டாள்.

அவர் கண் திறந்தார்.

"ரூபி... ஏதாச்சும் வந்துச்சா?"

காட்டினால், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பார்.

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

"இல்லீங்க. ஒண்ணும் வரல."

அவர் போர்வைக்கு அடியில் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.



"சரி. எடுத்துரச் சொல்லு."

அவளால் அடக்க முடியவில்லை. அழுகை பொங்கி வந்தது. காய்ச்சலில் கொதித்த கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"அழாத. நீ என்ன பண்ணுவ? மேல்சரிவுல புல்லு இன்னும் நல்லா வேர் விட்டிருக்கு. மழை நின்னதும் அங்க மண்ணு எடுத்துப் பாரு. கிடைக்கும்."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"எடுக்கிறேங்க" என்றாள்.

கதவு வரை அவர்தான் அவளைத் தேற்றிக்கொண்டே போனார்.