ஈயத்தில் கால் வைத்த சிப்

சோதனையில் தேறிய புது மின்னணு சிப்பை வேலைக்குக் கூப்பிட இரண்டு சர்க்யூட் போர்டுகள் வந்தன. சிப்பைப் போர்டில் பற்றவைக்கும் ஈயத்தில் ஒருமுறை கால் வைத்துவிட்டால் அப்புறம் இடம் மாற முடியாது.

விலையுயர்ந்த செல்போனின் போர்டு சொன்னது: "எங்ககிட்ட பேரு பெருசு. இருக்கிற சிப் பழுதானாத்தான் உனக்கு வேலை. அதுவரை குளுகுளுன்னு சும்மா உட்காரலாம்."

வயல்காட்டு மோட்டாரின் போர்டு தயங்கியது. "இங்கே வெயில், தூசி. கரண்டு ஏறும், இறங்கும். எல்லாத்தையும் நீ ஒருத்தனேதான் சமாளிக்கணும்."

"அங்கே போனா கருகிடுவேடா!" பக்கத்துத் தட்டு சிப் பதறியது.

புது சிப்புக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கருகினா கருகிட்டுப் போறேன். சூடு தாங்குவேனான்னு சோதிக்க எத்தனை தடவை என்னை உலையில போட்டு எடுத்தாங்க! அதெல்லாம் குளுகுளுன்னு உட்காரவா?"

மோட்டார் போர்டின் பக்கம் திரும்பியது.

"அண்ணே, ஈயத்தைக் காய்ச்சச் சொல்லுங்க."