நின்றால் உட்கார், அடங்காவிட்டால் படு

கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை ஆலிமா முஃபீதா நேற்றுதான் மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இன்று சிறுமி ரிஸானா குர்ஆன் ஓதுகையில் ஒரே ஆயத்தில் ஏழாவது முறையாகத் தடுக்கி நின்றதும் பிரம்பை ஓங்கிவிட்டாள். ஓங்கிய பிறகுதான் நினைவு வந்தது. உட்கார்ந்தாள். அப்போதும் கோபம் அடங்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, பாயில் நீட்டிப் படுத்தாள். மெல்ல மூச்சு அடங்கியது. சொன்னதைச் செய்தே காட்டிவிட்ட நிறைவோடு, "இப்ப வெளங்குச்சாம்மா?" என்று கேட்டாள்.

அடிக்காக நீட்டிய கையை இன்னும் மடக்காமல் நின்றிருந்த ரிஸானா, கீழே கிடந்தவளையே பார்த்தாள்.

"எங்க வீட்டுல கோவம் வர்றது வாப்பாவுக்கு, ஆலிமாம்மா. படுத்துக் கெடக்குறது உம்மா."